ஏவலும் விடையும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், வங்கக் கடலின் அலையோசை கேட்கும் அண்மையில், திருவான்மியூர் என்னும் பழம்பதி உளது. மருந்தீசர் திருக்கோயிலால் சிறப்புற்ற ஊர் அது. வான்மீகி முனிவரின் பெயரோடு இயைத்து இவ்வூர்ப் பெயருக்குக் காரணம் கூறுவது மரபு. ஊரை ஒட்டிக் கலாக்ஷேத்திரமும், அதற்கு அணித்தே, 1943-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் உள்ளன. மேற்கே சிறிது தொலைவு சென்றால் தரமணி. அங்கே 1994-ஆம் ஆண்டில் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒருபால்; 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா மற்றொருபால். பழைய ஏட்டைப் பேணுவோரும் புதிய பொறியை இயக்குவோரும் ஒரே பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு செல்லும் ஊர் இது.

தமிழாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்றபின் யான் இவ்வூரிலேயே தங்கிவிட்டேன். என்னிடம் ஒரு பழைய நூல் உண்டு. என் ஆசிரியர் எனக்கு அளித்த இலக்கண வினாவிடை நூல் அது. இருநூறு பக்கங்களுக்குமேல் உடையது; மறுபதிப்புக் காணாதது. தாள்கள் பழுத்து, மடித்தால் ஒடியும் நிலையை அடைந்துவிட்டன. ஓரங்களில் ஆசிரியர் தம் கைப்படப் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. அந்நூல் பொடியாகி உதிரும் முன்னர் அதனைக் கணிப்பொறியில் ஏற்றிவிடவேண்டும் என்பது என் விருப்பம். அவ்விருப்பத்தை நிறைவேற்றப் புகுந்தபோது யான் கற்றுக்கொண்ட ஒரு செய்தியையே இங்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால், அதிலுள்ள எழுத்துகளைத் தானே படித்துத் தரும் வலைப்பக்கங்கள் இக்காலத்தில் உள்ளன. யாரோ ஒருவர் ஆக்கிவைத்த அத்தகைய வலைப்பக்கம் ஒன்றினை யானும் பயன்படுத்தினேன். முதற் பக்கத்தின் படத்தைக் கொடுத்தேன். சிறிது நேரங்கழித்து எழுத்துகள் வந்தன. பிழைகள் மலிந்திருந்தன. அவற்றை அந்த வலைப்பக்கத்திலேயே ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இவ்வாறே ஆறு பக்கங்களை முடிக்க ஒரு முற்பகல் ஆயிற்று. ஏழாம் பக்கத்தின் படத்தைக் கொடுத்தவுடன் திரை உறைந்துவிட்டது. விசையை அழுத்தினேன், எழுத்து விழவில்லை. திரையை நகர்த்தினேன், அது நகரவில்லை. "இப்பக்கம் விடையளிக்கவில்லை, காத்திருப்பதா, மூடிவிடுவதா?" என்று உலாவி என்னைக் கேட்டது. யான் பொறுமையிழந்து மூடிவிட்டேன். திருத்திய ஆறு பக்கங்களும் அதனோடு போயின.

என் பழைய மாணவர் ஒருவர் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதும் பணி செய்பவர். அன்று மாலை என்னைக் காண வந்தவரிடம் இதனைச் சொல்லி வருந்தினேன். "ஐயா, பிழை உங்களுடையது அன்று, அந்த வலைப்பக்கத்தில் வேலை செய்வதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். அவன் படிக்கப் போய்விட்டான், அதனால் உங்களைக் கவனிக்க ஆளில்லை" என்றார் அவர். இவ்விடை எனக்குப் புதுமையாக இருந்தது. மேலும் கேட்டேன்.

வலைப்பக்கங்களை இயங்கச் செய்யும் மொழிக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் என்னும் நிறுவனத்தில் அது பிறந்தது. ஒரு வலைப்பக்கத்தில் அம்மொழியின் ஏவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறும். ஒருங்கே இரண்டு நடைபெறா. விசையின் ஒலியைக் கேட்பதும், விரல் தொட்ட இடத்தை அறிவதும், கணக்கிடுவதும், திரையில் எழுதுவதும் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஓர் ஆளே முறை வைத்துச் செய்கிறான். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. எனவே, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே அவனுக்குக் கிடைப்பது நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழப் பதினேழு பங்கு மட்டுமே. சிறு வேலைகள் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஒரு முழுப் பக்கத்தின் எழுத்துகளைப் படித்தல் அவ்வளவில் அடங்குமோ? என் பழைய கணிப்பொறியில் அதற்கு இருபது நொடியாவது வேண்டும். அந்த இருபது நொடியில் திரை 1,200 முறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒருமுறைகூட அது நிகழாமையால் திரை உறைந்தது.

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு சிறிய சிற்றுண்டிச்சாலை உள்ளதாகக் கொள்ளுங்கள். அங்கு வேலைக்கு ஒருவரே. அவரே இலை போடுவார். அவரே தண்ணீர் வைப்பார். அவரே அடுப்பருகே சென்று தோசை வார்ப்பார். காப்பி கேட்பவருக்கு அது விரைவில் கிடைத்துவிடும். ஒருவர் இரவாதோசை கேட்டாரோ, மற்றவர் பாடு திண்டாட்டந்தான். தோசை முறுகும்வரை அவர் கல்லைவிட்டு நகரார். உண்டு முடித்தவர் கணக்குக் கேட்டாலும் அவர் காதில் விழாது. இதற்கு மாற்று யாது? சமையலறையில் தனியே ஒருவரை அமர்த்துவதே. அப்போது பரிமாறுபவர் "ஓர் இரவாதோசை" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குச் செல்வார். தோசை ஆனதும் உள்ளிருந்து குரல் வரும்.

உலாவிகளை ஆக்குவோரும் இம்முறையையே மேற்கொண்டனர். 2009-ஆம் ஆண்டளவில் பயர்பாக்ஸ், சபாரி முதலிய உலாவிகளில் பின்னணிப் பணியாள் என்னும் ஏற்பாடு வந்தது. ஆங்கிலத்தார் அதனை வெப் ஒர்க்கர் என்பர். வலைப்பக்கம் தனக்கெனப் பின்னறையில் ஒரு பணியாளை, வேண்டுமாயின் ஒருவருக்கு மேற்பட்டோரை அமர்த்திக்கொள்ளலாம். கடினமான வேலையை அப்பணியாள் ஏற்றுக்கொள்வான். முன்னறையில் இருப்பவன் உங்கள் விரலுக்குச் செவிசாய்த்துக்கொண்டே இருப்பான்.

ஆனால், அப்பின்னறைக்குக் கதவு இல்லை. சுவரில் கடிதம் போடும் அளவிற்கு ஒரு துளை மட்டுமே உண்டு. பணியாள் முன்னறைக்கு வந்து திரையில் ஓர் எழுத்தைக்கூட எழுத இயலாது. வலைப்பக்கமும் உள்ளே சென்று அவன் கையிலுள்ள ஓலையைப் பார்க்க இயலாது. இஃது என்ன கொடுமை என்று யானும் எண்ணினேன். எண்ணிப் பார்த்தபின் இது நன்மைக்கே என்று தெளிந்தேன். வகுப்பறையில் ஒரே கரும்பலகையில் இருவர் ஒரே நேரத்தில் எழுதப் புகுந்தால் என்ன ஆகும்? ஒருவன் எழுதியதை மற்றவன் அழிப்பான். ஒருவன் பாதிக் கணக்கு எழுதியிருக்கும்போது மற்றவன் அதனை முழுக்கணக்கு என்று கருதி விடை காண்பான். கரும்பலகையைத் தொடும் உரிமை ஒருவனுக்கே என்று வைத்துவிட்டால் இக்குழப்பம் நேராது.

துளை வழியே போடப்படும் கடிதத்திற்கும் சில விதிகள் உண்டு. உள்ளே செல்வது மூல ஓலை அன்று, அதன் நகலே. எண், சொல், பட்டியல், படம் ஆகியவற்றை நகலெடுத்து அனுப்பலாம். ஒரு செயலை நகலெடுத்து அனுப்ப ஒல்லாது. சிற்றுண்டிச் சாலையிலிருந்து தோசையை அஞ்சலில் அனுப்புவேன் என்றால் எப்படியோ ஒருவாறு அனுப்பிவிடலாம். சமையற்காரரையே உறையில் இட்டு ஒட்ட முடியாதன்றோ? அவருக்கு அடுப்பும் கல்லும் கரண்டியும் வேண்டும். செயலும் அத்தகையதே. தான் பிறந்த அறையிலுள்ள பல பொருள்களைப் பற்றிக்கொண்டு அது நிற்கும். அதனை உறையிலிட முயன்றால் உலாவி மறுத்துப் பிழை என்று அறிவித்துவிடும்.

நகலெடுப்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உடைய ஒரு படத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு நான்கு பைட்டு வீதம், விரித்து வைத்தால் நாலு கோடியே எண்பது இலட்சம் பைட்டு ஆகும். இதனை ஒவ்வொரு முறையும் நகலெடுப்பதென்றால் காலமும் இடமும் வீணாகும். இதற்கென ஒரு தனிவழி வகுத்துள்ளனர். நகல் எடாமல் மூட்டையையே துளைவழித் தள்ளிவிடலாம். அவ்வாறு தள்ளியபின் கொடுத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவன் தன் மூட்டையை அளந்து பார்த்தால் அதன் நீளம் 0 என்றே காட்டும். கொடைமடம் என்று புலவர் கூறுவரே, அது போன்றதோர் ஈகை இது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். கடிதம் எழுதுவதும் பிரிப்பதும் நிரல் எழுதுவோர்க்குப் பெருந்தொல்லை. 'இப்படத்தைப் படி' என்று ஒரே வரியில் ஏவி, விடையைக் கையில் வாங்கவே அவர்கள் விரும்புவர். செயல் பின்னறையில் இருந்தாலும், அருகிலேயே இருப்பதுபோல அதனை அழைக்க ஒரு வழி வேண்டும். அதற்கு முன்னறையில் ஒரு முகவனை நிறுத்துகின்றனர். உள்ளே இருக்கும் செயலின் பெயரே அம்முகவனுக்கும் பெயர். 'படி' என்று அழைத்தால் அவன் ஏன் என்று கேட்பான். ஆயினும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் செய்வதெல்லாம், எந்தச் செயலை அழைத்தனர், எப்பொருளைக் கொடுத்தனர் என்பவற்றை ஒரு கடிதத்தில் எழுதி, அதற்கு ஓர் எண் இட்டு, அவ்வெண்ணைத் தன் கணக்கேட்டில் பதிந்துகொண்டு, கடிதத்தைத் துளைவழி உள்ளே போடுவதே. உள்ளே மற்றொரு முகவன் இருக்கிறான். அவன் கடிதத்தைப் பிரித்து, உண்மையான செயலை அழைத்து, வந்த விடையை அதே எண்ணிட்ட கடிதத்தில் வைத்துத் திருப்பி அனுப்புகிறான். வெளிமுகவன் எண்ணைக் கணக்கேட்டில் தேடி, உரியவரிடம் விடையை ஒப்படைத்து, அவ்வரியை அடித்துவிடுகிறான்.

நம் இலக்கணத்தில் அண்மை விளி, சேய்மை விளி என்னும் இரண்டினையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அருகில் உள்ளவனை அழைக்கும் முறை வேறு. தொலைவில் உள்ளவனை அழைக்கும் முறை வேறு. சேய்மையில் உள்ள செயலை அண்மை விளியால் அழைக்கச் செய்வதே இம்முகவரின் தொழில். ஆதலின் இதற்குச் சேய்மை அழைப்பு என்று பெயரிட்டு வழங்குவேன். ஆங்கிலத்தில் ரிமோட் புரொசீஜர் கால் என்பர்.

கடிதத்திற்கு எண் எதற்கு என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். பொருள்கோள் வகையில் நிரல்நிறை என்பது ஒன்று. பெயர்களை ஒரு வரிசையில் அடுக்கி, அவற்றுக்குரிய வினைகளையும் அதே வரிசையில் அடுக்கினால் எது எதற்குரியது என்பது தானே விளங்கும். விடைகள் எப்பொழுதும் கேட்ட வரிசையிலேயே வருமாயின் இங்கும் எண் வேண்டா. வரிசை தப்புவதும் உண்டு. பணியாளர் இருவர் இருப்பின், 41-ஆம் பக்கத்தைப் பெற்றவன் இன்னும் படித்துக்கொண்டிருக்க, பாதிக்குமேல் வெறுந்தாளாக உள்ள 42-ஆம் பக்கத்தைப் பெற்றவன் முடித்துவிடுவான். பணியாள் ஒருவனே ஆயினும், ஒரு வேலைக்கு வேண்டிய பொருள் வெளியிலிருந்து வரும்வரை காத்திராமல் அடுத்த வேலையை அவன் முடித்துவிடக்கூடும். எண் இல்லையேல் 42-ஆம் பக்கத்தின் உரை 41-ஆம் பக்கத்தின் கீழ் அமர்ந்துவிடும். இலக்கண நூலில் இது நேர்ந்தால் எழுத்ததிகாரத்தின் நடுவே சொல்லதிகாரம் புகுந்துவிடும்; படிப்பவர் நூலாசிரியரையே பழிப்பர்.

கடிதத்தைப் போட்டவுடன் முகவன் அழைத்தவரிடம் என்ன கொடுக்கிறான்? விடை இன்னும் வரவில்லை; வெறுங்கையுடன் அனுப்பவும் கூடாது. எனவே, ஒரு வாக்குறுதியைக் கொடுக்கிறான். ஜாவாஸ்கிரிப்டில் அதற்குப் பெயரே பிராமிஸ் என்பதாகும். என் மாணவர் இதனை விளக்கப் பலவாறு முயன்றார். எனக்கோ ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. இது வினையெச்சம். 'படித்து' என்று சொல்லி நிறுத்தினால் பொருள் முடியவில்லை. 'படித்துத் தந்தான்' என்றோ, 'படித்துத் தோற்றான்' என்றோ ஒரு முற்று வரும்வரை அது காத்து நிற்கும். இடையே வேறு சொற்கள் பல வந்து அமரலாம். எச்சம் பொறுமையாக நிற்கும். முற்று ஒருமுறை வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. பின்னர் அதனை மாற்ற இயலாது. வாக்குறுதியும் ஒருமுறை நிறைவேறிவிட்டாலோ, பொய்த்துவிட்டாலோ, அதன்பின் மாறுவதில்லை. இதைச் சொன்னதும் மாணவர், "ஐயா, அன்று வகுப்பில் எச்சம் நடத்தியபோது இப்படிச் சொல்லியிருந்தால் நான் நன்றாகப் படித்திருப்பேனே" என்றார். அவர் அன்று எச்சத்தில் பெற்ற மதிப்பெண் எனக்கு நினைவிருக்கிறது, இங்கு எழுதவில்லை.

பொய்த்தல் என்றேன், அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அருகிலுள்ள செயல் பிழைபட்டால் அழைத்தவருக்கு உடனே தெரிந்துவிடும். பின்னறையில் நேரும் பிழை தானாகச் சுவரைக் கடந்து அழைத்தவரை அடையாது. உள்முகவன் அதனைப் பிடித்து, 'முடியவில்லை. காரணம் இது' என்று எழுதி, உரிய எண்ணிட்டு அனுப்பவேண்டும். விடை எட்டு வகைப்படும் என்று நன்னூலார் வகுத்தார். அவற்றுள் நேர் விடையும் மறை விடையும் ஆகிய இரண்டுமேனும் இங்கு வழுவாமல் வருதல் வேண்டும். முகவனை ஆக்கியவர் நேர் விடைக்கு மட்டும் வழிசெய்து, மறை விடையை மறந்தாரேல், கணக்கேட்டில் அவ்வரி அடிக்கப்படாமல் என்றும் நின்றுவிடும். முற்றுப் பெறாத எச்சமாகத் திரையில் ஒரு சக்கரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அச்சக்கரத்தை நீங்கள் பலகால் கண்டிருப்பீர்கள்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. அது மௌனம். பணியாள் முடிவில்லாத கணக்கு ஒன்றில் சிக்கிக்கொண்டால் நேரும் சொல்லான், மறையும் சொல்லான். ஆதலின், அழைக்கும்போதே ஒரு தவணை குறித்துக்கொள்வது அறிவுடைமை. தவணை கடந்தால் வலைப்பக்கம் அவனை ஒரு சொல்லால் நீக்கிவிட்டுப் புதிய பணியாளை அமர்த்தலாம். நீக்கப்பட்டவன் கையிலிருந்த அரைகுறை வேலை அவனோடு போகும். கணக்கேட்டில் அவன் பெயரால் நின்ற வரிகளுக்கெல்லாம் 'பொய்த்தது' என்று எழுதுவது வெளிமுகவன் கடமை.

சேய்மை அழைப்பு வலைப்பக்கங்களுக்கென்று தோன்றியதன்று. அதன் வரலாறு முந்தியது. புரூஸ் நெல்சன் என்பவர் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் அவரும் ஆண்ட்ரூ பிரெல் என்பவரும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் இதனை இயக்கிக் காட்டி, 1984-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் எண்ணியது ஒரு கணிப்பொறியிலிருந்து கம்பிவழியே மற்றொரு கணிப்பொறியிலுள்ள செயலை அழைப்பதனை. அவ்வழியில் கடிதம் தொலையலாம், இருமுறை சேரலாம், மறுமுனைப் பொறியே நின்றுபோகலாம். ஓர் உலாவிக்குள், முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே, கடிதம் வழியில் தொலைவதில்லை. ஒரு துளைவழிப் போட்ட கடிதங்கள் போட்ட வரிசையிலேயே சென்று சேரும். எனவே, நம்மவர் கவலை அவர்கள் கவலையினும் குறைவு.

ஆயினும், அண்மையைப் போலத் தோன்றச் செய்யும் இவ்வித்தையில் ஒரு மயக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ முதலிய நால்வர், தொலைவிலுள்ளதனை அருகிலுள்ளதுபோலவே கருதி நிரல் எழுதுதல் தவறு என்று எடுத்துரைத்தனர். காலத்தாலும் பிழையாலும் இரண்டும் வேறு என்பது அவர் கருத்து. என் மாணவர் முதலில் இவ்வழுவிற் சிக்கினார். பக்கத்திலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அழைப்பு வீதம் பணியாளைக் கேட்டார். ஒவ்வொன்றும் எளிதாகவே தோன்றிற்று. ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் போவதும் ஒரு கடிதம் வருவதுமாக இருந்தன. இது, சட்டினிக்கு ஒரு நடை, சாம்பாருக்கு ஒரு நடை என்று பரிமாறுபவரை ஓட்டுவதனை ஒக்கும். பின்னர் அவரே ஒரு பக்கம் முழுவதையும் ஓர் அழைப்பில் கேட்குமாறு மாற்றினார்.

எனக்காக அவர் ஆக்கித்தந்த வலைப்பக்கத்தில் படிக்கும் தொழிலைச் செய்வது டெஸெராக்ட் என்னும் மென்பொருள். அது 1985-க்கும் 1994-க்கும் இடையே ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாயிற்று. 2005-ஆம் ஆண்டில் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது. 2006 முதல் கூகுள் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்தது. தமிழ் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் படிக்க அதனைப் பழக்கியுள்ளனர். உலாவியில் இயங்குமாறு அதனை அமைத்த வடிவத்திற்கு டெஸெராக்ட் ஜேஎஸ் என்று பெயர். மேற்கூறிய முகவர் இருவரையும் இதற்குள் அப்படியே காணலாம். வலைப்பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் செயலின் பெயரும் வேலையின் எண்ணும் பொருளும் இருக்கும். பணியாளிடமிருந்து மூவகைக் கடிதங்கள் வரும்: முடிந்தது என்பது ஒன்று, முடியவில்லை என்பது ஒன்று, இவ்வளவு முடிந்துள்ளது என்று இடையிடையே அறிவிப்பது ஒன்று. இம்மூன்றாவது கடிதத்தால்தான் திரையில் நூற்றுக்கு எத்தனை என்னும் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. தமிழ் எழுத்தைப் படிப்பதற்குரிய தரவினை முதன்முறை மட்டும் இணையவழி வருவித்து, உலாவியின் பெட்டகத்தில் வைத்துக்கொள்கிறது. என் நூலின் படங்களோ என் வீட்டுக் கணிப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. ஆசிரியரின் கைக்குறிப்புகள் உள்ள பக்கங்களை யாரோ ஒருவர் பொறிக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. ஆதலின் இது எனக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

பணியாளர் பலரை அமர்த்தினால் வேலை இன்னும் விரையும் என்று யான் ஆசைப்பட்டேன். நால்வரை அமர்த்தியும் பார்த்தோம். ஒவ்வொருவனும் தனக்கென ஒரு படியாகத் தமிழ்த் தரவை வைத்துக்கொள்வதால் என் பழைய பொறியின் நினைவகம் போதாமல் எல்லாம் மந்தமாயிற்று. சிறிய சமையலறையில் நால்வர் நின்றால் கரண்டி இடிபடுவது இயல்பே. இருவரே போதும் என்று வைத்துக்கொண்டோம்.

இப்பொழுது திரை உறைவதில்லை. 56-ஆம் பக்கத்தை யான் திருத்திக்கொண்டிருக்கையில் 57-ஆம் பக்கம் பின்னறையில் படிக்கப்படுகிறது. திருத்தும் வேலை சிறிதன்று. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்குமுன் ணை, லை, ளை, னை என்னும் எழுத்துகள் மேலே கொம்பு வளைந்து நிற்கும். ணா, றா, னா முதலியவை கால் பெறாமல் உள்ளேயே சுழிந்து நிற்கும். என் நூல் அவ்வெழுத்துகளால் அச்சிடப்பெற்றது. புதிய எழுத்தில் பழகிய பணியாள் அவற்றின்முன் தடுமாறுகிறான். காலையும் ரகரத்தையும் ஒன்றாக மயங்குகிறான். அவன் பிழைபடும் இடங்கள் இவை என்று அறிந்தபின் என் கண் தானே அங்குச் செல்கிறது.

நேற்று 118-ஆம் பக்கம் வந்தது. விளி வேற்றுமை பற்றிய பகுதி அது. அச்செழுத்துகளைப் பெரும்பாலும் சரியாகவே படித்திருந்தான். ஓரத்தில் ஆசிரியரின் பென்சில் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் சில புள்ளிகளும் கோடுகளும் ஒரு ககரமும் வந்திருந்தன. கையெழுத்தை அவன் படிக்கப் பழகவில்லை. யான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நூலைச் சன்னலின் ஒளியில் சாய்த்துப் பார்த்தேன். 'இங்கே மாணவர் மயங்குவர். மீண்டும் ஒருமுறை சொல்க' என்று எழுதியிருந்தது. புள்ளிகளை அழித்துவிட்டு அதனைத் தட்டச்சுச் செய்தேன். முடிக்குமுன்னரே 119-ஆம் பக்கத்தின் கணக்கு நூற்றைத் தொட்டுவிட்டது.